அசல் வானொலிக்கு அனுமதி உண்டு

உழைப்பாளிகளைக் கௌரவிக்க வேண்டும் என்பதில் ஓக்கர் ஃபால்ஸ் நகராட்சிக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. எப்படிக் கௌரவிப்பது என்பதில்தான் கொஞ்சம் சிக்கல் இருந்தது. உழைப்பாளி வந்தால் பேசுவான். பேசினால் சம்பளம், விபத்து, உற்பத்தி லைன் ஓடிய வேகம் என்று எதையாவது கிளறுவான். பண்டிகை நாளில் அதெல்லாம் எதற்கு? யோசித்துப் பார்த்த நகராட்சி நல்ல வழி ஒன்றைக் கண்டுபிடித்தது. அந்த நாட்டு வழக்கப்படி செப்டம்பரில் வரும் உழைப்பாளர் தின ஊர்வலத்தில் உழைப்பாளிகளுக்குப் பதிலாக அவர்கள் செய்த பழைய கார்களை விடுவது. கார் பேசாது. வெயிலில் பளபளக்கும். குழந்தைகள் கையசைக்கும்.

இந்த ஏற்பாட்டை நடத்த நகராட்சிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பாரம்பரிய விவகார அலுவலகம் திறக்கப்பட்டது. அதில் ஓர் எழுத்தரம்மா, ஓர் ஆய்வாளர், பதினாறு வகைப் படிவங்கள். கிரேடன் மோட்டார் கம்பெனி ஊரைவிட்டுப் போனபோது வேலை இழந்தவர்கள் நாலாயிரம் பேர். அந்த நாலாயிரம் பேரின் நினைவைப் பேணும் வகையில் வேலை பெற்றவர்கள் இரண்டு பேர். அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று இனி எவரும் குறை சொல்ல முடியாது.

அந்த அலுவலகத்தின் ஜன்னல் முன்னால், ஆகஸ்ட் மாதத்து முதல் திங்கட்கிழமை காலை, காஸிமிர் துடெக் என்பவர் வந்து நின்றார். எழுபத்து நாலு வயது. கிரேடன் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் வேலை. அதில் பத்தொன்பது வருஷம் சங்கப் பொறுப்பு. மிச்சம் பன்னிரண்டு வருஷமும் சங்கப் பொறுப்பில் இல்லாமலே வம்பு செய்தவர் என்று கம்பெனிப் பதிவேடு சொல்லும்.

அவருக்கு வேண்டியது பதினோரு நிமிஷம்.

எழுபத்தொன்றாம் வருஷம், லைனின் வேகத்தைக் கம்பெனி ஒரே மாதத்தில் இரண்டு முறை கூட்டியது. இரண்டாவது முறை கூட்டிய வாரத்தில் தகடு அழுத்தும் பிரிவில் மூன்று பேர் நசுங்கிச் செத்தார்கள். மறுநாள் காலை மூன்றாம் வாசலில், சீட் தைக்கும் பிரிவைச் சேர்ந்த ஹாட்டி லாங்ஃபோர்ட் ஒரு பால் பெட்டியின் மேல் ஏறி நின்று பதினோரு நிமிஷம் பேசினாள். கடைசி நிமிஷத்தில் அந்த மூன்று பேரின் பெயர்களைச் சொன்னாள். ஆறாயிரம் பேர் வேலையை விட்டு வெளியே வந்து நின்றார்கள். அந்தப் பேச்சை ஒலிநாடாவில் பிடித்து வைத்தவர் துடெக்.

இப்போது அந்தத் தொழிற்சாலையை வசதியானவர்களுக்கான அடுக்குமாடி வீடுகளாக மாற்றிவிட்டார்கள். உள்ளே பித்தளைத் தகடு ஒன்று இருக்கிறது. '1971: இவ்விடத்தில் உற்பத்தி சில காலம் தடைப்பட்டது' என்று அதில் பொறித்திருக்கிறார்கள். செத்தவர்கள் பெயர் அதில் இல்லை. வேறெங்கும் இல்லை. மூன்றாம் வாசலையும் செப்டம்பர் கடைசியில் இடித்து, நீச்சல் குளத்துக்கு வழி விடப் போகிறார்கள். ஹாட்டி போன பனிக்காலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது துடெக்கின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த வாசல் நிக்கிறப்பவே இன்னொரு தடவை அந்தப் பெயர்களை ஊர் கேக்கணும், துடெக்" என்றாள். அவர் சரி என்றார். அவள் அந்த வாரமே போய்விட்டாள். சரி என்றது மட்டும் இவரிடம் பாக்கி நின்றது.

"ஊர்வலத்துல பேசப் போறீங்களா?" எழுத்தரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"நான் பேசல அம்மா. செத்துப்போன ஒருத்தங்க பேசுவாங்க. ஒலிநாடாவுல இருக்கு."

"உயிரோட இருக்கிறவங்க பேசுறதுன்னா படிவம் ஏழு. பூர்த்தி பண்ணிக் குடுங்க, நிராகரிச்சிடறோம். செத்தவங்க பேசுறதுக்குப் படிவமே கிடையாதே."

"படிவம் இல்லைன்னா தடையும் இல்லைன்னுதானே அர்த்தம்?"

"அதெப்படிங்க? படிவம் இல்லைன்னா எதை வச்சு நான் நிராகரிக்கிறது? நிராகரிக்கவே முடியாத ஒண்ணை எப்படி அனுமதிக்கிறது?"

முப்பத்தொரு வருஷம் கம்பெனி வக்கீல்களோடு மல்லுக்கட்டிய துடெக் ஜன்னல் பலகையில் முழங்கையை ஊன்றினார்.

"விதி எங்கே இருக்கு? காட்டுங்க."

எழுத்தரம்மா எடுத்து வாசித்தாள். "விதி பதினாலு. ஒலிபெருக்கி, கோஷம், சொற்பொழிவு, மற்றும் பண்டிகைச் சூழலுக்கு ஊறு விளைவிக்கும் எவ்வகைப் பொருளுள்ள சொற்களும் தவிர்க்கப்படும். ஆயினும், பாரம்பரிய வாகனத்தில் தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட அசல் வானொலி அதன் இயல்புக்கு உட்பட்டு ஒலிக்க அனுமதி உண்டு."

"அந்த வானொலில என்ன ஒலிக்கலாம்னு போட்டிருக்கா?"

"வானொலி ஒலிக்கலாம்னுதான் போட்டிருக்கு."

துடெக் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். அவர் வீட்டுக் கொட்டகையில் அறுபத்தேழாம் வருஷத்து கிரேடன் மெரிடியன் ஒன்று நின்றது. இளநீலம், வெள்ளைக் கூரை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு விதவையிடமிருந்து வாங்கிச் செப்பனிட்டது. அந்த வண்டியில் வானொலி இருந்தது. அதைப் பொருத்தியவரும் துடெக்தான். லைனில் அவருடைய வேலையே அதுதான்: வானொலி ஒன்று, திருகாணி நாலு.

*

லோலா கின்டானாவின் பட்டறை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். காருக்குள் பாட்டுக் கருவி வைப்பதில் அந்த மாவட்டத்திலேயே அவளை மிஞ்ச ஆள் இல்லை. ஐம்பது வயது, கறாரான வாய், கழுத்தில் எப்போதும் கறுப்பு டேப் ஒரு சுருள்.

முதலில் ஒலிநாடாக் கருவியை அசல் வானொலியோடு இணைத்துப் போட்டுக் காட்டினார் துடெக். முன்பலகையில் இருந்த ஒற்றை ஸ்பீக்கரிலிருந்து ஹாட்டி பேசினாள். தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட கொசு பேசினால் எப்படி இருக்குமோ அப்படி.

"இதுவா ஆறாயிரம் பேரை வெளியே கொண்டுவந்த குரல்?" லோலா கேட்டாள்.

"அதுக்குத்தான் உன்கிட்ட வந்திருக்கேன். உள்ளே புதுசா எல்லாம் வைக்கணும். தெரு முழுக்கக் கேக்கணும். ஆனா கண்ணுக்கு ஒண்ணும் தெரியக்கூடாது."

"பெரியவரே, இப்ப எல்லாரும் கேக்குறதே அதைத்தான். போன வாரம் ஒருத்தர் வந்தாரு. முப்பத்திரண்டாம் வருஷத்து வண்டி. சீட்டுக்குச் சூடு வேணுமாம், சீட்டுக்குக் குளிர்ச்சி வேணுமாம், பின்னால பாக்க கேமரா வேணுமாம். எல்லாத்தையும் ஒளிச்சு வச்சுக் குடுத்தேன். ஏறி உக்காந்துக்கிட்டு, 'அந்தக் காலத்து ஜனங்க எவ்வளவு எளிமையா வாழ்ந்திருக்காங்க பாத்தியா'ன்னு என்கிட்டயே சொல்றாரு."

"நான் அந்தக் கூட்டம் இல்லை. எனக்கு வேண்டியது பேச்சு. பாட்டு இல்லை."

"வர்ற எல்லாரும் நான் அந்தக் கூட்டம் இல்லைன்னுதான் சொல்வாங்க. முன்சீட்டைக் கழட்டுங்க."

வேலை ஒன்பது நாள் நடந்தது. அசல் வானொலியின் குடலை எடுத்துவிட்டு, அந்தப் பழைய பெட்டிக்குள்ளேயே கையகலப் புது மின்சுற்றுப் பலகை ஒன்றை லோலா பொருத்தி, ஒலிநாடாப் பேச்சை அதில் ஏற்றினாள். வெளியே அதே இரண்டு குமிழ், அதே மஞ்சள் வெளிச்சம், அதே சிவப்பு முள். முன்பலகைச் சல்லடைக்குக் கீழே புது ஸ்பீக்கர். முன்சீட்டில் கால் வைக்கும் இடத்தின் பக்கத் தகடுகளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று. ஒலியைப் பெருக்கும் பெட்டி, கையுறை வைக்கும் அறைக்குப் பின்னால். கம்பிகள் எல்லாம் கதவோரத் தகட்டுக்கு அடியில், கம்பளத்துக்குக் கீழே. பின்சீட்டுக்கு அடியில், ஸ்ப்ரிங் ஒன்றைக்கூட வெட்டாமல், பத்து அங்குல அடிக்குரல் ஸ்பீக்கர்.

பத்தாம் நாள் லோலா பட்டறைக் கதவை அடைத்துவிட்டுக் குமிழைத் திருகினாள்.

"தோழர்களே," என்றாள் ஹாட்டி. "பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்குதா?"

கேட்டது. அவள் மூச்சு இழுத்தது கேட்டது. பால் பெட்டி காலடியில் முனகியது கேட்டது. தூரத்தில் யாரோ இருமியது கேட்டது. லோலா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டாள். பதினோரு நிமிஷமும் ஓடி முடிந்தது.

"யார் அந்த மூணு பேர்?" என்றாள் பிறகு.

துடெக் சொன்னார். மூவருக்கும் எத்தனை பிள்ளைகள் என்பதையும் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதன் பிறகு, "அடிக்குரலை இன்னும் கொஞ்சம் கூட்ட முடியுமா?" என்றார்.

"அந்த அம்மாவுக்கு அவ்வளவு அடிக்குரல் இருந்துச்சா?"

"இருந்திருக்கணும்."

கூட்டினாள். மறுநாளும் வந்தார். ஹாட்டி 'ச' என்று சொல்லும் இடத்தில் லேசாகக் கூசுகிறது என்றார். அதற்கடுத்த நாளும் வந்து, இருமியவன் அறுபதடி தள்ளி நின்றவன், காருக்குள் இருமுவதுபோல் கேட்கக் கூடாது என்றார். லோலா ஒவ்வொன்றையும் சரி செய்தாள். "நீங்க அந்தக் கூட்டம் இல்லைதான்" என்று மட்டும் சொன்னாள்.

*

ஆய்வு நாள் வந்தது. அசல்தன்மைத் தலைமை ஆய்வாளர் திரு. வின்த்ரோப் கேல் வெள்ளைப் பருத்திக் கையுறை அணிந்து பட்டறைக்கு எழுந்தருளினார். அவருக்குக் கீழே வேறு ஆய்வாளர் எவரும் இல்லாததால் தலைமை ஆய்வாளர். வாழ்நாளில் ஒரு திருகாணியைக்கூடத் தொட்டதில்லை என்பதால் எந்தப் பக்கமும் சாயாதவர் என்று ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். கையில் நானூற்றுப் பன்னிரண்டு பக்கக் கையேடு.

"ஓட்டுநர் கதவின் அடிப்புறம். பெயின்ட் வழிசல் ஒன்று. நீளம் அரை அங்குலம்," என்று வாசித்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "இருக்கு. பிரமாதம்! பல பேர் இதைத் தேய்ச்சு எடுத்துடறாங்க, திரு. துடெக். மனசு வலிக்குது."

"அது எப்படி வந்துச்சு தெரியுமா உங்களுக்கு?"

"உற்பத்தியாளரின் தனி முத்திரை."

"நிமிஷத்துக்கு ஒரு வண்டி வந்துச்சு. பெயின்ட் அடிக்கிறவன் கை ஓயறதுக்குள்ள அடுத்த வண்டி வந்து நிக்கும். அதான் வழிஞ்சுது."

"அவசரத்தில் பிறந்த அழகு," என்று கேல் கையேட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். "நல்ல சொல்லாட்சி உங்களுக்கு."

பின்பெட்டி மூடி கால் அங்குலம் கோணலாக இருந்தது, ஐந்து மதிப்பெண். இடதுபக்க ரப்பர் ஓரம் பாதியில் அறுந்து நின்றது, நாலு மதிப்பெண். இந்தக் குறைகளுக்காகத்தான் ஒரு காலத்தில் ஆட்களின் சம்பளம் பிடிக்கப்பட்டது. இந்தக் குறைகள் எப்படி வருகின்றன என்று சொல்லத்தான் ஆறாயிரம் பேர் நாற்பத்தொரு நாள் குளிரில் நின்றார்கள். இன்று ஒவ்வொரு குறைக்கும் ஆய்வாளர் தலை வணங்கி மதிப்பெண் போட்டார். துடெக் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும்.

கேல் முன்சீட்டில் உட்கார்ந்து வானொலியின் விளிம்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். மறுபடியும் ஆட்டினார். முகம் இருண்டது.

"திரு. துடெக். இது ஆடல."

"ஆடாம இருக்கத்தானே ஸ்க்ரூ போடுறது?"

"அறுபத்தேழாம் ஆண்டு மெரிடியனின் வானொலி, இடதுபக்கம் கீழே, லேசாக ஆட வேண்டும். வண்டி ஓடும்போது 'கிர்ர்ர்' என்ற மென்மையான அதிர்வொலி எழ வேண்டும். பக்கம் முந்நூற்று ஆறு. நாலாவது திருகாணி அரைச் சுற்று தளர்வாக இருப்பது இந்த மாடலின் சிறப்பம்சம். உங்க வண்டியில அது முழுசா முறுக்கியிருக்கு. இது அசல் இல்லை. வருந்துகிறேன்."

"இது சிறப்பம்சமா?" துடெக்கின் குரல் உயர்ந்தது. "நாலு ஸ்க்ரூ போட எனக்குக் குடுத்த நேரம் நாப்பது செகண்ட். மூணரை ஸ்க்ரூ போடுறதுக்குள்ள வண்டி நகர்ந்திடும். அதனால நாலாவது அரைச் சுற்று மிச்சம் நிக்கும். அதுக்காக என்னை மூணு நாள் சஸ்பெண்ட் பண்ணாங்கய்யா!"

கேல் காரைவிட்டு மெதுவாக இறங்கினார்.

"நீங்களா? அந்த நாலாவது திருகாணி... நீங்களா?"

"நான்தான்."

"ஆவணம் ஏதாவது உண்டா?"

ஆவணம் இருந்தது. சங்கக்காரன் எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போடுவதில்லை. துடெக் வீட்டுக்குப் போய்ப் பழைய கோப்பிலிருந்து எடுத்து வந்தார். 'நான்காம் திருகாணியை வேண்டுமென்றே முழுமையாக முறுக்காது கம்பெனியின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்த குற்றத்துக்காக' என்று தொடங்கும் கடிதம். கேல் கையுறையைச் சரிசெய்துகொண்டு, கைக்குழந்தையை வாங்குவதுபோல் அதை இரு கைகளாலும் வாங்கினார்.

"இந்தக் கடிதத்துக்கே பன்னிரண்டு மதிப்பெண் போடலாம். அப்படியானால் திருகாணியைத் தளர்த்திவிடுங்கள்."

லோலா திருப்புளியோடு முன்னால் வந்தாள்.

"நீங்க வேண்டாம்," என்று கேல் கையை உயர்த்தினார். "அவர்தான் தளர்த்தணும். அசல் கை. நீங்க தளர்த்தினா அது பழுது. அவர் தளர்த்தினா அது பாரம்பரியம்."

ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முன் தண்டனை வாங்கித் தந்த அதே குற்றத்தை, அதிகாரி ஒருவர் மேற்பார்வையில், காஸிமிர் துடெக் மறுபடியும் செய்தார். அரைச் சுற்று. கேல் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

கடைசியில் முப்பத்தேழாம் இனம்: நவீன சாதனம் ஏதும் காணப்பட்டதா? லோலாவின் நெற்றியில் வியர்வை அரும்பியது. கையேட்டின்படி, ஆய்வாளர் நின்றபடியோ ஒரு முழங்காலை மட்டும் மடக்கியோ பார்க்கலாம். இரண்டு முழங்காலையும் மடக்குவது பதவியின் கண்ணியத்துக்குக் குறைவு. இரண்டையும் மடக்கினால் பின்சீட்டுக்கு அடியில் இருப்பது தெரியும் என்பது லோலாவுக்குத் தெரியும். கேல் ஒரு முழங்காலை மடக்கினார். பார்த்தார். எழுந்தார். 'காணப்படவில்லை' என்று எழுதினார்.

போகும்போது லோலாவின் பக்கம் சாய்ந்து, "என் வண்டியிலயும் ஒண்ணு வைக்க முடியுமா?" என்று கிசுகிசுத்தார்.

"எதை சார்?"

"இங்கே காணப்படாததை."

*

உழைப்பாளர் தினத்தன்று முப்பத்தெட்டு வண்டிகள். துடெக்குக்கு இருபத்தொன்பதாம் இடம். கார் வைத்திருப்பவர்கள் எல்லாம் அந்த வருஷம் தொழிலாளி வேஷத்தில் வருவது நாகரிகமாக இருந்தது. பல் வைத்தியர் ஒருவர் எண்ணெய்க் கறை அச்சிட்ட சட்டை போட்டிருந்தார். அந்தக் கறை துவைத்தாலும் போகாது என்று கடைக்காரன் உத்தரவாதம் கொடுத்திருந்தானாம்.

மூன்றாம் வாசலில் சங்கத்தின் பழைய ஆட்கள் பதினோரு பேர் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் எர்ல் பிட்மன், எண்பது வயது. வேலைநிறுத்தத்தின்போது துடெக்கோடு ஒரே போலீஸ் வேனில் ஏற்றப்பட்டவர். வாசலில் வந்து உட்காருங்கள், ஹாட்டி பேசப் போகிறாள் என்று துடெக் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லியிருந்தார்.

வாசல் முன்னால் பதினோரு நிமிஷம் நிற்க வேண்டுமே, அதற்கும் துடெக் விதி பார்த்து வைத்திருந்தார். அசலான கோளாறினால் நின்றுவிட்ட பாரம்பரிய வாகனத்தைப் பதினைந்து நிமிஷத்துக்கு யாரும் தொடக் கூடாது, விதி இருபத்திரண்டு. மூன்றாம் வாசல் வந்ததும் இன்ஜினை அணைத்தார். "கோளாறு!" என்று கத்தினார். "அசலா?" என்றார் ஓடிவந்த கேல். "கம்பெனியிலேயே போட்டு அனுப்பினது!" என்றார் துடெக். கூட்டம் கைதட்டியது. பின்னால் வந்த ஒன்பது வண்டிகளும் மரியாதையோடு நின்றன.

துடெக் நாலு கதவுகளையும் திறந்து வைத்தார். குமிழைத் திருகினார்.

"தோழர்களே. பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்குதா?"

தெருவே திரும்பியது. இடிக்கப்போகும் அந்தச் செங்கல் வாசலில் குரல் மோதித் திரும்பி வந்தது. எர்ல் பிட்மன் நாற்காலியை விட்டு எழுந்தார். பதினோரு பேரும் எழுந்தார்கள். ஹாட்டி வேகத்தைப் பற்றிப் பேசினாள். மேலாளருக்குச் சீட் தைக்கும்போது அவன் பின்புறத்தின் அளவு தெரியும், அவன் மனசின் அளவுதான் தெரியவில்லை என்றாள். எர்ல் கண் கலங்கி, கையை நீட்டியபடி கார் பக்கம் வந்தார்.

"துடெக்," என்றார் தழுதழுத்து. "எங்கேடா ஒளிச்சு வச்சிருக்க?"

"எதை?"

"ஸ்பீக்கரை. நெஞ்சுல இடிக்குதுடா."

"பேச்சைக் கேளு எர்ல்."

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். என்ன சுத்தம்! அவ நேர்ல பேசினப்பகூட எனக்கு இவ்வளவு நல்லாக் கேக்கல. பின்சீட்டுக்குக் கீழேயா?"

"அப்புறம் சொல்றேன். பெயர் வரப்போவுது."

அதற்குள் மற்ற பத்துப் பேரும் வந்துவிட்டார்கள். எண்ணெய்க் கறைச் சட்டைக்காரரும் வந்தார். தெருவோரத்துக் கூட்டம் வந்தது. எல்லோரும் காரைச் சுற்றித் தலையாட்டினார்கள்.

"எட்டு அங்குலம் இருக்கும்," என்றார் பல் வைத்தியர்.

துடெக் கண்ணை வாசலிலேயே வைத்திருந்தார்.

"எட்டுகூட இருக்காது," என்றார் தோழர்களில் ஒருவர். "இந்த வண்டியில பின்சீட்டுக்குக் கீழே இடமேது? சீட்டு போட்டவன் நான். எனக்குத் தெரியாதா? ஆறு."

"ஆறா?" என்றார் துடெக்.

"ஆறுதான்."

"பத்து!"

"சும்மா அளக்காதே துடெக். ஸ்ப்ரிங்கை வெட்டாம பத்து எப்படி உள்ளே போவும்?"

கம்பெனி மிரட்டியபோது அசையாதவர், போலீஸ் வேனில் சிரித்துக்கொண்டு ஏறியவர், இப்போது காரைவிட்டு இறங்கினார். பின்சீட்டை ஒரே இழுப்பில் தூக்கினார். கூட்டம் 'ஆ' என்றது. திரு. கேல் பதவியின் கண்ணியத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, முற்றிலும் தனிப்பட்ட முறையில், இரண்டு முழங்காலையும் மடக்கிப் பார்த்தார்.

"ஸ்ப்ரிங்கைத் தொடவே இல்லை பாருங்க," என்று துடெக் ஆரம்பித்தார். "இந்தச் சட்டத்தை முதல்ல கழட்டி..."

"நீங்க சொல்றது காதுல விழலைங்க," என்று பின்னாலிருந்து ஒருவர் குறைபட்டார். "அந்த அம்மா சத்தம் பெருசா இருக்கு."

துடெக் முன்சீட்டுப் பக்கம் கை நீட்டிக் குமிழைக் குறைத்தார். அதன் பிறகு எல்லோருக்கும் நன்றாகக் கேட்டது.

*

அசல்தன்மைப் பிரிவில் முதல் பரிசு துடெக்குக்குக் கிடைத்தது. நீல நாடா கட்டிய கேடயம். ஊர்வலம் குறித்த அலுவலக அறிக்கை வெள்ளிக்கிழமை வெளிவந்தது. அதில் பதினாலாம் விதி பற்றி இப்படி எழுதியிருந்தது: 'சொற்பொழிவு எதுவும் நிகழவில்லை. அசல் வானொலி ஒன்று ஒலித்தது. சொற்கள் எவையும் காதில் விழுந்ததாகப் பொதுமக்களில் ஒருவரும் தெரிவிக்கவில்லை.'

துடெக் கொதித்துப்போனார். திங்கட்கிழமை காலை கீழ்த்தளத்து ஜன்னல் முன்னால் நின்றார். அறிக்கையைத் திருத்த வேண்டும், மூன்று பெயர்கள் அந்த வாசலில் சொல்லப்பட்டன என்று பதிவேட்டில் ஏற வேண்டும் என்றார். இந்த முறை படிவம் இருந்தது. எழுத்தரம்மா எடுத்துக் கொடுத்தாள்.

"பெயர்களைக் காதால கேட்ட சாட்சி ஒருத்தர் போதும். கையெழுத்து வாங்கிட்டு வந்தா பதிவு பண்ணிடலாம்."

அவர் பதினோரு வீட்டுக்கும் போனார். பதினோரு பேரும் அன்புடன் வரவேற்றார்கள். அடிக்குரலை மெச்சினார்கள். எர்ல் பிட்மன் தன் பேரன் வண்டியில் எட்டு அங்குலம்தான் இருக்கிறது என்றும், துடெக்குடையது பத்து என்றும், சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடத் தயார் என்றார். பெயர்களா? சொல்லியிருப்பாள், சொல்லாமல் இருப்பாளா என்றார்.

மறுநாள் துடெக் வெறும் படிவத்தோடு திரும்பி வந்தார்.

"வெளியாள்தான் வேணும்னு இல்லைங்க," எழுத்தரம்மா இரக்கப்பட்டாள். "நீங்களே சாட்சியா இருக்கலாம். அந்த மூணு பெயரைச் சொன்னப்ப அங்கே இருந்தீங்கதானே?"

"இருந்தேன்."

"காதுல கேட்டீங்களா?"

துடெக் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நான் விளக்கிக்கிட்டு இருந்தேன்," என்றார்.

"சரி, கேக்கலைன்னு போட்டுக்கிறேன்." அவள் எழுதிக்கொண்டாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "தப்பா நினைக்காதீங்க. என் வீட்டுக்காரர்கிட்ட அறுபத்தொன்பது மாடல் ஒண்ணு இருக்கு. ஸ்ப்ரிங்கை வெட்டாம பத்து அங்குலம் எப்படி வச்சீங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."

துடெக் ஜன்னல் பலகையில் கிடந்த அந்தப் படிவத்தை எடுத்துத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில், பின்சீட்டை வரையத் தொடங்கினார்.